ஏடனுக்கும் பம்பாய்க்கும் முப்பத்தேழு லட்சம் மைல்

ஏடனிலிருந்து பம்பாய்க்கு ஆகாய மார்க்கமாக எத்தனை மைல் என்று யாரைக் கேட்டாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரியான தூரம் முப்பத்தேழு லட்சத்து எழுபத்து மூவாயிரம் மைல். வாய்க்கு வந்ததை நான் சொல்லவில்லை. 1957-ஆம் வருஷம் மே மாதம் மாதாகுறிச்சி தேர்க் கமிட்டி, மாதா குகையான கெபியின் வாசலில் உட்கார்ந்து, நூல் பிடித்து அளந்து, ஏகமனதாக ஏற்றுக்கொண்ட தூரம் அது. நூலின் ஒரு முனை என் கையில் இருந்தது. அந்த ஊருக்கு அப்போது நான்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, ஆவூரிலிருந்து சாமியார் வராத நாட்களில் செபம் சொல்லுவது, இவை என் வேலை. பொய் சொல்லுவது அதில் சேராது.

மாதாகுறிச்சி ஆவூருக்கும் குளத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பஸ் அங்கேதான் வேகம் எடுக்கும். ஊரில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அதிகம். மே மாதம் மாதா தேர். அந்தத் தேருக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத் திருநாளுக்கு யார் எல்லோரையும் விடத் தொலைவிலிருந்து வந்திருக்கிறாரோ அவர்தான் வடத்தை முதலில் தொட வேண்டும். அவர் தொட்ட பிறகே மற்றவர்கள் இழுக்கலாம். இதற்குத் தூரத்தார் வடம் என்று பெயர். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் வைத்திருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் அடித்துக்கொள்ளக் கூடாது என்றும் வைத்திருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால், அந்தப் பெரியவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தவரை தொந்தரவில்லை. திருச்சி அப்போது வேறு தேசம். திருச்சியில் கடை வைத்திருக்கிற சித்தப்பா ஒருவர் வந்து இறங்கினால் போதும், வெள்ளைக்காரன் சீமையிலிருந்து வந்தவர் என்று வடத்தை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். 1948-இல் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்கள். ஒரே நாளில் திருச்சி உள்ளூராகிவிட்டது. மற்ற ஊர்களில் ராஜா போனாரே என்று வருத்தப்பட்டார்கள். எங்கள் ஊரில் தூரம் போயிற்றே என்று வருத்தப்பட்டார்கள்.

அதிகம் வருத்தப்பட்டவை இரண்டு வீடுகள். மேலவீட்டுச் சவரிநாதன், கீழவீட்டு மைக்கேல்சாமி. சவரிநாதனின் மனைவி வியாகுலமேரி, மைக்கேல்சாமியின் கூடப் பிறந்த தங்கை. அயலார் மேல் அவ்வளவு பொறாமைப்பட மனிதனால் முடியாது. அதற்குச் சொந்தம் வேண்டும்.

மற்ற ஊர்களில் பிழைப்பதற்காகப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் வடம் தொடுவதற்காக அனுப்பினார்கள். சவரிநாதன் ஒரு தம்பியை மதுரைக்கு அனுப்பினார். மைக்கேல்சாமி ஒரு சகலையைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார். மேலவீடு நாகப்பூர் என்றது. கீழவீடு டெல்லி என்றது. கொழும்பை இருவரும் தொடவில்லை. கடல் தாண்டினாலும் அது ராமேஸ்வரத்துக்குப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. கீழவீட்டிலிருந்து அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒருவர் ரயில் தாமதமாகித் தேருக்கு மறுநாள் வந்து சேர்ந்தார். அவருக்குச் சோறு போட்டு, திட்டி, அடுத்த ரயிலில் ஏற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் சவரிநாதன் கமிட்டியில் எழுந்து, தண்டவாளம் வளைந்து வளைந்து போவதால் ரயிலில் வந்த தூரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மைக்கேல்சாமி அதை மறக்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு வீட்டார் மூன்று வருஷம் தொடர்ந்து வடம் தொட்டுவிட்டால், அந்த மரியாதை தொட்டவருடைய ஆயுசு உள்ளவரை அவருக்குத்தான். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போக வேண்டாம். வீட்டிலிருந்து நடந்து வந்து தொடலாம்.

இந்த விதியைத்தான் சவரிநாதனின் மகன் சந்தனராஜ் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை ஏடன் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷம் கப்பலில் வந்து வடம் தொட்டான். மூன்றாவது வருஷம் விடுமுறை குறைவு. விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வந்து சேர்ந்தான். வந்த அன்றைக்கே கண்மாய்க்குப் போனான். மே மாதக் கண்மாயில் எருமை இருந்தது, சேறு இருந்தது, நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான்.

"கோயில்புள்ள, இந்த வருசமும் வடம் கெடச்சுட்டா நா இங்கனயே இருந்துக்கிறலாம்லங்க?" என்று என்னைக் கேட்டான்.

"விதி அப்படித்தான் சொல்லுது."

"ஏடன்ல மரமே கெடையாதுங்க. காக்கா ஒக்காரணும்னா மனுசன் தலையிலதான் ஒக்காரணும். குளிக்கிற தண்ணிய அளந்து ஊத்துறாக. கெடைக்காமப் போச்சுன்னா அப்பா என்னையப் பிஜித் தீவுக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டாரு."

பிஜித் தீவில் ஆள் எடுக்கிறார்களா, அங்கே என்ன வேலை, எப்படிப் போவது என்பதெல்லாம் சவரிநாதனுக்குத் தெரியாது. ஏடனை விடத் தூரம் என்பது மட்டும் தெரியும். அவருக்கு அது போதும். அவர் மகனுக்கு அது போதாது. இதுதான் விஷயம்: வடம் கிடைத்தால் சந்தனராஜ் வீட்டில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் பிஜி.

கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தேருக்கு நான்கு நாள் இருக்கும்போது மைக்கேல்சாமியின் மகன் ராயப்பன் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் மெட்ராஸ் வந்து, ஊருக்கு வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் டை. மாதாகுறிச்சி வெயிலில் டை கட்டியவனை மாடுகூட இரண்டு தடவை பார்த்தது.

கமிட்டி கூடியது. சந்தனராஜ் பம்பாயிலிருந்து ரயிலில் வந்த தூரத்தையும் சேர்த்தால் சிங்கப்பூர் பக்கத்திலேயே நிற்க முடியாது. சவரிநாதன் அதைச் சொல்ல வாய் திறந்தார்.

"ரயில சேக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டது யாரு மச்சான்?" என்று மைக்கேல்சாமி கேட்டார். "வளஞ்சு வளஞ்சு போகும்னு சொன்னீகளே. ஒங்க மகன் வந்ததும் நிமுந்துருச்சாக்கும்?"

எனவே ஆகாயத்தில் வந்த தூரம் மட்டும்தான் கணக்கு என்று ஆயிற்று. ஏடனிலிருந்து பம்பாய், சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ். இரண்டில் எது நீளம்?

நடுநிலையான ஆள் வேண்டுமென்று குளத்தூர் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார் ஆத்மநாதனை அழைத்தோம். அவர் வேதக்காரர் இல்லை. எனவே எங்கள் சண்டையில் மோட்சமோ நரகமோ அவருக்குக் கிடைக்க வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உலக உருண்டையைத் துண்டில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தார். பூசணிக்காய் கொண்டுவருகிறார் என்று நினைத்துத் திருநாள் சமையல் ஆட்கள் எதிரே போய் வாங்கிக்கொண்டார்கள்.

அவர் துண்டை அவிழ்த்ததும் சவரிநாதன் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"வாத்தியாரய்யா, நம்மூருக்கு ஆகத் தூரமான எடம் எதுங்க? அதுக்கு மேல தூரமே இல்லைங்கிற மாதிரி."

ஆத்மநாதன் உருண்டையைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். "இங்கே. ஆனால் இது வெறும் கடல். ஊர் கிடையாது, தீவு கிடையாது."

"ஒரு தோணி நிக்குமா?"

வாத்தியார் உருண்டையை எடுத்துக்கொண்டு கெபிப் பக்கம் நடந்தார். அந்தக் கேள்வி சந்தனராஜின் காதில் விழுந்துவிட்டது.

கெபி வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆத்மநாதன் தையல் நூலை எடுத்து ஏடனில் ஒரு முனையை வைத்துப் பம்பாய்க்கு இழுத்துப் பிடித்தார். பிறகு சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்கு. அளவுகோலில் வைத்துப் பார்த்தார்.

"ஏடன், பம்பாய், சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம். சிங்கப்பூர், மெட்ராஸ், சுமார் ஆயிரத்தெண்ணூறு."

நூலில் பார்த்தால் ஒரு நெல்மணி அளவு வித்தியாசம். சந்தனராஜ் கண்ணை மூடிக் கும்பிட்டான். அதோடு எழுந்து போயிருந்தால் ஏடனுக்கும் பம்பாய்க்கும் அந்த அற்பத் தூரம்தான் இன்றைக்கும் இருந்திருக்கும்.

மைக்கேல்சாமி எழுந்திருக்கவில்லை. "வாத்தியாரய்யா, ஒங்க வீட்லேருந்து பள்ளிக்கொடத்துக்கு நேராவா போறீங்க?"

"இல்லை. கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான்."

"ஏங்க?"

"நடுவில் அடுத்தவர் வயல் இருக்கிறது."

"பாத்துக்கங்க. தரையில போற மனுசனே அடுத்தவன் வயலுக்கு மருவாத குடுத்துச் சுத்திப் போறான். அம்புட்டுப் பெரிய ஏரோப்ளேனு, கடலத் தாண்டி வந்ததும் வேளாங்கண்ணி மாதா தலைக்கு மேல ஏறி மிதிச்சுட்டு வருமா? சுத்தித்தான் வரும். மூணு சுத்து."

கமிட்டியில் ஐந்து பேர். அதில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் ஐந்து பேரும் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறார்கள். சரியென்று தலையை ஆட்டினார்கள். வேளாங்கண்ணியில் என்னை விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். என் விரலைச் சுற்றி நூலை மூன்று சுற்று சுற்றினார்கள்.

"உங்கள் விரலுக்குக் கீழே தஞ்சாவூர் ஜில்லா, ராமநாதபுரம் ஜில்லா, பாதி இலங்கை எல்லாம் இருக்கிறது," என்றார் ஆத்மநாதன்.

"அவுகளும் புண்ணியம் தேடிக்கட்டுமேங்க," என்றேன்.

சிங்கப்பூர் முந்திவிட்டது. சந்தனராஜ் கண்ணைத் திறந்தான். ராயப்பன் டையைத் தளர்த்திக்கொண்டு, "மாமா, சிங்கப்பூர்ல இதெல்லாம் ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து பேசுவோம்," என்று சவரிநாதனிடம் சொன்னான்.

சவரிநாதன் அவனைப் பார்க்கவில்லை. உருண்டையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக யோசிக்கிறவர். ஆனால் யோசித்ததை விட மாட்டார்.

"கோயில்புள்ள, திவ்ய நற்கருணை வாங்கிட்டு நீங்க எடத்துக்கு எப்படித் திரும்புவீங்க?"

"பின்னாடியே நடந்து வருவேன். பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாதே."

"ஏடன்லேருந்து ஏரோப்ளேனு நேரா பம்பாய்க்கு வந்தா, அது முதுகு எங்கிட்டு இருக்கும்?"

எல்லோரும் உருண்டையைப் பார்த்தோம். ஏடனுக்குப் பின்பக்கம் ஜெருசலேம். அதற்கும் பின்னால் ரோமாபுரி. அப்படியொரு கேவலமான காரியத்தைச் செய்துவிட்டு அந்த விமானம் இத்தனை நாளாக எப்படித் தலைநிமிர்ந்து பறக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது.

"அதனால," என்றார் சவரிநாதன், "அது அங்கிட்டுப் பாத்துத்தான் பறக்கும். ஜெருசலேம் போயி, ரோமாபுரி போயி, அப்படியே உலகத்தச் சுத்திக்கிட்டு இங்கிட்டு வந்து பம்பாய்ல எறங்கும்."

"ரோமாபுரியைத் தாண்டிய பிறகு அதற்கு முதுகு காட்டுமே," என்றார் ஆத்மநாதன்.

"தரிசனந்தான் முடிஞ்சிருச்சே. அப்பறம் அவனவன் சோலியப் பாக்கப் போக வேண்டியதுதான்."

மைக்கேல்சாமி பாய்ந்தார். "சிங்கப்பூர்லேருந்து வார ப்ளேனு?"

"அது ரோமாபுரி இருக்குற பக்கத்தப் பாத்துத்தான மச்சான் வருது. ஒழுங்கா வருது. நேரா வரட்டும். இன்னொன்னும் சொல்லிப்புடுறேன். எம் மகன் ஒலகத்தச் சுத்தி வாரப்ப சிங்கப்பூருக்கு மேலதான் வாரான். ஒம் மகன் கெளம்புற எடம் எம் மகனுக்கு வழியில இருக்கு."

"பைலட்டுக்கு இதெல்லாம் தெரியாதே ஐயா," என்றார் ஆத்மநாதன்.

"அது அவன் வளர்ப்பு. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

நூல் அமெரிக்காவையும் பசிபிக்கையும் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கு வந்தது. இருபத்து மூவாயிரம் மைல். சந்தனராஜ் மூச்சு விட்டான்.

அப்போதுதான் மைக்கேல்சாமியின் மனைவி சூசைமேரி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "நா ஒண்ணு நேந்திருந்தேன். எம் புள்ள பத்தரமா வந்து எறங்கணும்னா, செபமாலையில எத்தன மணி இருக்கோ அத்தன சுத்து மாதாவச் சுத்தி வந்து எறங்கட்டும்னு நேந்தேன்."

"நேர்ந்துகொண்டது நீங்கள். சுற்ற வேண்டியது விமானமா?" என்று ஆத்மநாதன் கேட்டார்.

"நா தரையில சுத்துனா எம் புள்ளைக்கு ஆகாசத்துல எப்படிங்க பத்தரம்?"

பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. "சரி, மாதா எங்கே இருக்கிறார்? அந்த இடத்தில் விரலை வையுங்கள்," என்று ஆத்மநாதன் என்னிடம் சொன்னார்.

மைக்கேல்சாமி எழுந்து கெபிக்குள்ளே கையைக் காட்டினார். எங்கள் கெபி மாதா சுரூபம் அழகானது. இரண்டு கையையும் விரித்து, ஒரு காலில் பாம்பை மிதித்து, உலக உருண்டையின் மேல் நிற்கும்.

"மாதா நிக்கிறது எதுமேல? உருண்ட மேல. மாதாவச் சுத்தணும்னா உருண்டையத்தான சுத்தணும்? முழுசா."

தையல் நூல் போதவில்லை. மெழுகுதிரிக்குப் போடுகிற திரிநூல் கோயிலில் இருந்தது, கொண்டுவந்தேன். செபமாலை மணிக் கணக்குப்படி பூமியின் நடுப்பாகத்தில் ஐம்பத்து மூன்று சுற்று சுற்றினோம். ஒரு சுற்றுக்கு இருபத்தையாயிரம் மைல் என்று ஆத்மநாதன் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்று லட்சம் மைலைத் தாண்டியது. சிங்கப்பூர் பக்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். ராயப்பன் தான் வந்த தூரத்தை நினைத்துக் கொஞ்சம் களைத்துப்போய் உட்கார்ந்தான்.

சவரிநாதனின் முகம் தொங்கிவிட்டது. "பிஜிக்குக் கப்பல் எங்கேருந்து கெளம்புதுன்னு தெரியுங்களா?" என்று வாத்தியாரிடம் கேட்டார். தாமதம் செய்கிற மனிதரில்லை.

சந்தனராஜ் தன் தாயைப் பார்த்தான். வியாகுலமேரி எழுந்து நின்றாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நா நூத்தம்பது சுத்து நேந்திருக்கேன்," என்றாள்.

"எப்பத்தா நேந்த?" என்றார் அண்ணன்.

"அதுக்கும் ஒனக்கும் என்னண்ணே? நீயா சுத்தப் போற?"

"செபமாலைக்கு அம்பத்து மூணு மணிதான?"

"முழுச் செபமாலைக்கு நூத்தம்பது அருள்நெற மந்திரம். ஒம் பொஞ்சாதி கால்வாசி தூரத்துலயே கையக் கட்டிக்கிட்டா. நா முழுசா நேந்தேன்."

கால்வாசி இல்லை, மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே என்று ஆத்மநாதன் திருத்தினார். அவரை யாரும் கவனிக்கவில்லை. கீழவீட்டு நூலைப் பிரித்துவிட்டு மேலவீட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தோம். ஒருவர் உருண்டையைப் பிடிக்க, ஒருவர் சுற்ற, ஒருவர் எண்ண. ஐம்பது முடியும்போது ஆப்பிரிக்கா தெரியவில்லை. நூறு முடியும்போது இந்தியா தெரியவில்லை. நூற்றைம்பதில் உலகம் முழுக்க எங்கள் கோயில் திரிநூல்தான். பற்ற வைத்தால் எரியும் போல இருந்தது. முப்பத்தேழு லட்சத்து எழுபத்து மூவாயிரம் மைல் என்று ஆத்மநாதன் கூட்டிச் சொன்னார். கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஐந்து கையும் தூக்கியாயிற்று.

சந்தனராஜ் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். நேராகக் கண்மாய்க்குத்தான் போயிருப்பான்.

"இருப்பா மருமகனே," என்றார் மைக்கேல்சாமி. "வாத்தியாரய்யா, ஏரோப்ளேனு மணிக்கு எத்தன மைலு போகும்?"

"முந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம்."

"அப்ப இம்புட்டுத் தூரத்துக்கு எத்தன நாளாகும்?"

ஆத்மநாதன் தரையில் வகுத்தார். துண்டால் அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். "எங்கேயும் நிற்காமல் பறந்தால் சந்தனராஜ் அடுத்த வருஷம் ஐப்பசியில் வந்து இறங்குவார்."

"அடுத்த வருசம் ஐப்பசியில வார ஆளு," என்று மைக்கேல்சாமி கமிட்டியைப் பார்த்துச் சொன்னார், "இந்த வருசம் தேர்ல எப்படிங்க வடம் தொடுவாரு?"

சவரிநாதன் துள்ளி எழுந்தார். "ஒம் பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒண்ணு நிக்குதே, அது எப்ப வருதாம்?"

ஆத்மநாதன் அதையும் வகுத்தார். "இந்த வருஷம் நவம்பரில், உங்கள் கல்லறைத் திருநாள் வாக்கில்."

ராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

கமிட்டிக்குச் சங்கடம். தூரத்தைக் குறைத்தால் பையன்கள் வந்துவிடுவார்கள். ஆனால் தூரத்தை ஏகமனதாக ஏற்றுக்கொண்டாயிற்று. மாதாகுறிச்சியில் அதற்கு முன் எதுவும் ஏகமனதாக நடந்ததில்லை. மழைக்குச் செபிப்பதா என்பதில்கூட இரண்டு கட்சி. முதன்முதலாக வந்த ஒற்றுமையை ரத்து செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. எனவே தூரம் சரி, பையன்கள்தான் தப்பு என்று முடிவாயிற்று. இருவரும் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. ஆகாயத்தில் இருக்கிறார்கள். வடம் இருவருக்கும் இல்லை.

"வடம் போச்சா," என்றார் சவரிநாதன். மகன் பக்கம் திரும்பினார். "பொட்டியக் கட்டு. பிஜிதான்."

சந்தனராஜ் அசையவில்லை. அவன் முகத்தில் ஏதோ மெதுவாக விடிந்துகொண்டிருந்தது. அப்பா மாதிரியே அவனும் மெதுவாக யோசிக்கிறவன். அவரைப் போலவே யோசித்ததை விடாதவன்.

"அப்பா, வராத ஆள எப்படிப்பா அனுப்புவீங்க?"

"என்னடா?"

"நா மொதல்ல வந்து சேரணும்ல. வந்து எறங்குனதும் பிஜிக்குப் போறேன். வராமயே போனா, கமிட்டி முடிவ மீறுன மாதிரி ஆயிரும்." என் பக்கம் திரும்பினான். "கோயில்புள்ள, நா இப்ப எங்கன இருக்கேன்?"

நூலுருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவன் ஏடனில் ஏறி ஒன்பது பத்து நாளாகிறது. "மூணாவது சுத்துல இருக்க. அமெரிக்காவுக்குக் கிட்ட."

"கேட்டீங்களாப்பா?"

சவரிநாதன் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி, மூன்றாவது சுற்று சரிதான் என்றது. மைக்கேல்சாமிதான் எல்லோருக்கும் முன்னால் சரி என்றார். சந்தனராஜ் இறங்கிவிட்டான் என்று ஒத்துக்கொண்டால், ஆயுசுக்கும் வடம் மேலவீட்டுக்குப் போய்விடுமே.

தேரன்று காலையில் வடம் தொட ஆள் இல்லை. சாமியார் ஆவூரிலிருந்து வந்து செபித்துவிட்டு நிற்கிறார். தூரத்திலிருந்து வந்தவர் யார் யார் என்று திருவிழாக் கூட்டத்தில் தேடினோம். மீமிசலிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்திருந்த காத்தாயி அகப்பட்டாள். அந்த அம்மாளை விடத் தொலைவிலிருந்து வந்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. வந்தவர்கள் இருவரும்தான் வரவில்லையே.

"நாங்க கும்புடுற சாமி வேறங்க. நா எதுக்கு?" என்றாள்.

"தூரத்துக்கு ஏது சாமி? வந்து தொடு ஆத்தா," என்றார் கமிட்டிக்காரர்.

"தொட்டுருவேன். கூடைய காக்கா தூக்கிட்டுப் போயிருமேங்க."

கூடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு பெரிய மனிதர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் கையில் விட்டால் மற்றவர் நம்ப மாட்டார் என்பதால் இருவருமே கூடைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். காத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வடத்தைத் தொட்டாள். தேர் ஊரைச் சுற்றி நிலைக்கு வரும் வரை சவரிநாதனும் மைக்கேல்சாமியும் நெத்திலிக்குக் காவல் இருந்தார்கள். இரு வீட்டாரும் அதற்குப் பிறகு யாரையும் வரவழைக்காததால், அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் தூரத்தில் அவள்தான் முதல். மூன்று முறை தொட்டுவிட்டதால் அந்த மரியாதை இப்போது ஆயுசுக்கும் அவளுக்கு. மேலவீட்டாரும் கீழவீட்டாரும் அவள் வந்துவிட்டாளா என்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நீங்கள் மே மாதத்தில் வந்தால் காணலாம்.

ராயப்பன் தேர் முடிந்த மறுநாள் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். வராதவன் போனதை யாரும் தடுக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று மைக்கேல்சாமி ரோட்டுக்குப் போய் ஒரு பொழுது நின்றுவிட்டு வந்தார் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

சந்தனராஜ் வீட்டில் இருந்தான். ஆகாயத்தில் இருக்கிறவனுக்கு வீட்டில் சோறு போடலாமா என்று சவரிநாதன் ஒரு நாள் கேட்டிருக்கிறார். "எம் மகன் பசியோட பறக்கணுமா?" என்று வியாகுலமேரி கேட்டதோடு சரி. வயலில் நாற்று நட்டான். கடலை பிடுங்கினான். அடுத்த வருஷம் கோடையில் அவனுக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை இறங்கட்டும் என்று பெண் வீட்டார் கொஞ்சம் தயங்கினார்கள். பெண் தயங்கவில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது சாமியார் ஊர்ப் பெயர் கேட்டார். மாதாகுறிச்சியைச் சேர்ந்த, இப்போது பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே இருக்கிற சந்தனராஜ் என்று சொல்லச் சொன்னேன். சாமியார் அதில் பாதியை விட்டுவிட்டு வாசித்தார்.

அவன் வந்து சேர வேண்டிய ஐப்பசியும் வந்தது. அன்று நல்ல மழை. மெழுகுதிரிக்குக் காணிக்கை வாங்க நான் மேலவீட்டுக்குப் போயிருந்தேன். சவரிநாதன் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தார். சந்தனராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு இறங்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னைக்கு எறங்குறான்," என்றார் சவரிநாதன் என்னிடம். "கணக்கு முடிஞ்சிருச்சு. இனிமே பிஜிதான். தீர்மானம்னா தீர்மானம்."

"இன்னைக்கு எப்படிங்க எறங்குவான்?" என்று அடுப்படியிலிருந்து வியாகுலமேரி குரல் கொடுத்தாள். "நா இன்னொரு நூத்தம்பது நேந்திருக்கேன்ல."

"எப்ப நேந்த?"

"ஆனி மாசம் எனக்கு மூட்டுவலி வந்துச்சுல்ல, அப்ப."

"ஒம் மூட்டுவலிக்கு அவன் எதுக்குடி சுத்தணும்?"

"எனக்கு வலி விட்டுருச்சே. நேத்திக்கடனை இப்ப வேணாம்னு மாதாகிட்ட நீங்க போயிச் சொல்லுறீகளா?"

சவரிநாதன் என்னைப் பார்த்தார். நேர்ச்சை நேர்ச்சைதான் என்றேன். அது என் வேலையில் சேரும். அவர் கொஞ்ச நேரம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தூக்கி மறுபடியும் பரணில் ஏற்றினார். கைகால் கழுவிக்கொண்டு வந்து மகனுக்கு எதிரில் இலையில் உட்கார்ந்தார். வெளியே மழை வலுத்து, ஒரு மின்னல் வெட்டியது.

சவரிநாதன் வாசல் பக்கம் ஆகாயத்தைப் பார்த்தார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

"இந்த மழையில எங்கன பறக்குறானோ," என்றார். "பத்தரமா வரட்டும்."

சந்தனராஜ் ரசச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.